யாரும் எடுக்காத மூலப்படம்

நேற்றுக் காலை பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்த மைதாப் பசையின் புளித்த வாடை தெருமுனை வரை வந்தது. அந்த வாடை வந்தால் நான் இப்போதும் தலையைத் திருப்பிப் பார்க்கிறேன். அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். தமிழ் பேசும் ஆங்கிலப் படம். நகரத்துக்குள் நுழைகிற ஒரு பெரிய மிருகம், சிதறி ஓடுகிற கூட்டம், நடுவில் அண்ணாந்து பார்க்கும் ஒரு பெண். அடியில் 'புத்தம் புதிய பிரம்மாண்டம்' என்று ஒரு வரி. இருபது வயதில் நீயும் நானும் இதே ஊர்க் கொட்டகையில் இதே மிருகத்தைப் பார்த்தோம். இதே கூட்டம் ஓடியது. இதே பெண் அண்ணாந்து பார்த்தாள்.

நீ இருந்திருந்தால், போஸ்டரை அச்சகத்தின் பெயர் வரை படித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்திருப்பாய். பிறகு எப்போதும் சொல்வதைச் சொல்லியிருப்பாய்: "அட்டை அதேதான்டா. நூல மட்டும் மாத்திகினான்."

நம் ஊரார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரார் யாரேனும் இந்த மடலைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுகிறவன். கட்டம் போட்ட தாளில் கொடியும் அன்னமும் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டைகளில் துளை குத்துவாய். அவற்றைக் கோத்துத் தறியின் மேல் மாட்டினால், எந்த நூல் எழ வேண்டும், எந்த நூல் படுத்திருக்க வேண்டும் என்பதை அந்தத் துளைகள் தீர்மானிக்கும். அட்டை ஒன்றே என்றால் பார்டரும் ஒன்றே. நூல் சிவப்பா, பச்சையா என்பது அட்டையின் கவலையன்று. ஹாலிவுட்டைப் பற்றி அதன் பிறகு நான் படித்த நீண்ட கட்டுரைகள் எவையும் உன்னுடைய அந்த ஒற்றை வரியைத் தாண்டவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் அங்கே கதைக்குப் பஞ்சம் என்று எழுதுகிறார்கள். தாங்களே முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்ததை மறுபடி எடுக்கிறார்கள். அது தீர்ந்தால் ஜப்பான்காரர்களின் கதையை வாங்குகிறார்கள். அதுவும் தீர்ந்தால் பழைய தொலைக்காட்சித் தொடர்களைக் கிளறுகிறார்கள். என் சக ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உலகத்திலேயே அதிகப் பணம் வைத்திருப்பவர்களுக்குப் புதிய கதையின் மேல் இருக்கும் அந்த அச்சம், கடல் தாண்டி, கோடம்பாக்கம் தாண்டி, ஆரணியில் அட்டை குத்திக்கொண்டிருந்த ஒருவனிடம் வந்து என்ன செய்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பார்த்ததோடு நிற்கவில்லை, அதற்குக் கையும் கொடுத்தேன்.

உன் கதை எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. ஒரு சாயக்காரன். ஒருநாள் சாயத்தொட்டியில் அவன் கை தவறுகிறது. மாம்பழத்துக்கும் துருவுக்கும் இடையில், யாரும் கேட்காத, மறுபடி வரவழைக்க முடியாத ஒரு நிறம் விழுகிறது. பட்டு நூலை வீணாக்க மனமில்லாமல், அந்த ஒரே பாவு நூலையும் தறியில் நெடுக்காக ஏற்றிவிடுகிறார்கள். ஒரு பாவுக்கு மூன்று புடவைகள். மூன்றும் மூன்று கல்யாணங்களுக்குப் போகின்றன: வந்தவாசிக்கு ஒன்று, தெள்ளாருக்கு ஒன்று, செய்யாற்றுக்கு ஒன்று. சில ஆண்டுகள் கழித்து ஓர் ஏரிக்கரையில் அடையாளம் தெரியாத பெண்ணின் உடல் ஒதுங்குகிறது. போலீஸ்காரர் கடை கடையாகக் கொண்டுவந்து காட்டும் துணித்துண்டு அந்த நிறத்தில் இருக்கிறது. சொன்னால் மூன்று வீட்டு வாசலிலும் போலீஸ் நிற்கும், உயிரோடு இருக்கும் இரண்டு பெண்களின் பெயரும் சந்திக்கு வரும் என்று சாயக்காரன் வாயை மூடிக்கொள்கிறான். பேருந்து ஏறி அந்த மூன்று வீடுகளையும் தானே தேடிப் போகிறான். ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டு, உள்ளிருப்பவள் உயிரோடு வந்து திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். அவள் வந்து திறந்த அந்தக் கணத்தில் அடுத்த ஊர்க்காரி செத்துப்போகிறாள்.

இதை நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாயில் ஒரு மெதுவடையோடு சொல்லி முடித்தாய். நான் கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்து, கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இத எங்கடா படிச்ச?"

"எங்கயும் படிக்கல. சாயம் தப்பிப்போன பாவு ஒண்ண பாத்தேன். அவ்ளோதான்" என்றாய்.

உன்னிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பிறகு கேட்டவர்களை மட்டும் குற்றவாளிகளாக்குவது நேர்மையாகாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கோடை விடுமுறையில் இருவரும் சென்னைக்குப் போனோம். உன்னுடைய நாற்பது பக்க நோட்டை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். இரண்டு கம்பெனிகளில் கதையைப் பாதியில் நிறுத்தி, எந்த இங்கிலீஷ் படம் என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் நல்ல மனிதர். நமக்குச் சாத்துக்குடிச் சாறு வரவழைத்தார். முழுக் கதையையும் கேட்டார். இரண்டாவது கதவு திறக்கும் இடத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பிரமாதம் தம்பி. எந்த இங்கிலீஷ் படம்?"

"இங்கிலீஷ் படம் இல்லீங்க. நானே யோசிச்சது."

"நீயேவா?" அவர் மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ இது எங்கயும் ஓடலை."

"இன்னும் எடுக்கவே இல்லீங்களே. எடுக்காம எப்பிடீங்க ஓடும்?"

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. "தம்பி, ஹாலிவுட்காரன்கிட்ட இல்லாத பணமா? அவனே என்னிக்கோ ஓடினதைத் தூசு தட்டித் திரும்ப எடுக்கறான். அவனுக்கே புதுசுன்னா பயம். நான் கடன் வாங்கிப் படம் எடுக்கறவன். எனக்கு எவ்ளோ பயம் இருக்கும்? நீயே சொல்லு."

அந்த வாதத்தை நான் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் ஓட்டையே இல்லை. உலகத்தில் எவனுமே முதல் ஆளாக ஒன்றைச் செய்யக் கூடாது என்று ஒப்புக்கொண்டால், அது முழுக்கச் சரியான வாதம்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் வண்டி மாறக் காத்திருந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் உனக்குத் தெரியும். சத்தம் போடாது, உட்கார்ந்து திட்டம் போடும். "அந்தாளுக்கு வேண்டியது கதை இல்லடா. அட்ரஸு. அந்த அட்ரஸை நான் எழுதித் தரேன்" என்றேன்.

"இன்னா அட்ரஸு?"

"ஹாலிவுட் அட்ரஸு. இப்படி ஒரு படம் அங்க வந்துச்சு, நான் பாத்தேன்னு இங்கிலீஷ்ல எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

நீ அடக்க முடியாமல் சிரித்தாய். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாள் நம்மை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள். வண்டி கிளம்பிய பிறகு சிரிப்பு போய் யோசனை வந்தது. செய்யாறு தாண்டி நீ பேசிய பேச்சு ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. "மொதல்ல ஓடட்டும்டா. ஓடிச்சின்னா யாரு பார்டருன்னு தெரியாமலா பூடும்? அப்பறமா சொல்லிக்கலாம்."

இது ஆரணிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. நம் ஊரில் ஒருவன் போட்ட பார்டர் நன்றாகப் போனால், அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் அதே பார்டர் தறியில் ஏறும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதை யாரும் திருட்டு என்றும் சொல்வதில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பார்டரை முதலில் போட்டவன் பெயரால்தான் அதை அழைப்பார்கள். காப்பியடித்தவனே கடையில் புடவையை விரித்து, 'இது இன்னார் பார்டர்' என்று அந்த ஆளின் பெயரைச் சொல்லித்தான் விற்பான். உன் பெயரில் அப்படி இரண்டு பார்டர்கள் இருந்தன. பிறந்ததிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வளர்ந்தவன் நீ. உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நம்பினாய். எனக்கு உலகம் அப்படியில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நான் படித்தவன். ஆனாலும் தலையாட்டினேன்.

கடிதத்தை உன் வேலை அறையில் உட்கார்ந்து எழுதினோம். ஜன்னலில் நீ ஊசிகள் போட்டுவைத்திருந்த பழைய சாயப்பொடி டின்னில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர் இருந்தது. அதையே இயக்குநரின் பெயராக்கினோம். ஹாலிவுட் படத்தில் புடவையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில், ஏதோ ஒரு துறைமுக நகரத்துத் தையல்காரர், ஒரே சுருள் துணியில் அவர் வெட்டிய மூன்று கோட்டுகள் என்று நான் மாற்றினேன்.

"கோட்டுத் துணில எப்பிடிடா நெறம் தப்பும்?"

"மில்லுல தப்பும்."

"மில்லுல தப்புனா மூணு கோட்டா வரும்? மூவாயிரம் கோட்டு வரும். ஒருத்தன் கையில தப்புனாத்தான்டா மூணு. கதையே பேஜாராப் பூடுச்சு போ."

நீ சொன்னது சரி. உன் கதையில் ஒரு நூலை இழுத்தாலும் துணி முழுவதும் சுருங்கும். என்னுடைய ஹாலிவுட் படம் ஓட்டையும் ஒட்டுமாக இருந்தது. டெல்லியில் நடந்த ஒரு விழாவில் அந்தப் படத்தைப் பார்த்ததாகவும், எடுத்த கம்பெனி மூடப்பட்டுவிட்டதால் கேசட் கிடைக்காது என்றும், காட்சிகளை நான் குறிப்பெடுத்து வைத்திருப்பதாகவும் எழுதி, என் பட்டங்களையெல்லாம் வரிசையாகப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அதே சாத்துக்குடி மனிதர், நாம் கொண்டுபோன அந்தக் கடிதத்தை உதவி இயக்குநரிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும் தொடையில் தட்டினார். "பாருய்யா! வெள்ளைக்காரன் மூளையைப் பாரு! ஒரு துணி, மூணு கோட்டு, எவ செத்தா! நம்ம ஆளுங்களுக்கு இந்த ஜென்மத்துல இப்படித் தோணுமா?" முந்தைய மாதம் இதே கதையை இதே அறையில் நீ சொன்னதை அவர் மறந்திருந்தார். அல்லது, கதை புடவையைக் கட்டிக்கொண்டு வந்தபோது தெரியாத அதன் முகம், கோட்டுப் போட்டு வந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

பிறகு அவர், "ஆனா கோட்டு நம்மூருக்கு எடுபடாதே" என்று யோசித்தார்.

உதவி இயக்குநர் தயங்கிச் சொன்னார்: "புடவை ஆக்கிடலாமா சார்?"

"அட! நீ பெரிய ஆளா வருவடா!"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் கண்ணில் சிரிப்பு இருந்தது, அப்போது. நானும் சிரித்தேன். அந்த ஒரு கணத்தை மட்டும் அழித்துவிட முடியுமானால், மீதமுள்ள என் வாழ்நாளிலிருந்து சில ஆண்டுகளைக் கொடுப்பேன்.

படம் வந்தது. சாயக்காரன் புகைப்படக்காரன் ஆகியிருந்தான். கை தவறிய நிறம் போய், அந்த இடத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு பணக்காரர் வரவழைத்த மூன்று புடவைகள் வந்திருந்தன. மூன்றாவது கதவுக்கு முன்னால் ஒரு சண்டையும் ஒரு பாட்டும். இத்தனைக்குப் பிறகும் இரண்டாவது கதவு திறந்தபோது ஆரணிக் கொட்டகையில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அது உன் கதவு. அதை அவர்களால் கெடுக்க முடியவில்லை.

உன் வீட்டம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு முதல் காட்சிக்கே வந்திருந்தார். "உங்க பேரு எங்கங்க? எப்ப வரும்?" என்று படம் தொடங்கும் முன்பே மூன்று முறை கேட்டார். 'வசன உதவி' என்ற தலைப்பின் கீழ், ஐந்து பெயர்களில் நான்காவதாக உன் பெயர் வந்து போனது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. அவர் குனிந்து சமாதானம் செய்துவிட்டு நிமிர்ந்தார்.

"வந்துதா?"

"பூடுச்சு" என்றாய்.

படம் நன்றாக ஓடியது. ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. அந்த விமர்சகர் மரியாதைக்குரியவர்; உலகப் படங்களைப் பற்றி எழுதுகிறவர். கம்பெனிக்காரர்கள் அவரிடம் என் கடிதத்தைக் காட்டியிருக்க வேண்டும்; மூலப்படத்தின் பெயர், இயக்குநர், ஆண்டு எல்லாம் அதில் இருந்தபடியே இருந்தன. அவர் எழுதியிருந்தார்: மூலப்படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் தாம் ஒரு திரைப்படச் சங்கத்தில் பார்த்ததாகவும், அதன் மௌனமும் ஆழமும் இந்தத் தழுவலில் காணாமல் போய்விட்டன என்றும், சொந்தமாகச் சிந்திக்கும் திராணி நம்மவர்களுக்கு எப்போது வரும் என்றும்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டாய். வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "டேய், நம்ம படத்த அந்தாளு பாத்துகீறாருடா! நாமளே இன்னும் பாக்கலியே! நல்லா இருந்துச்சாம்டா!" சிரிப்பு நின்றதும் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். கொஞ்சம் கழித்து மெதுவாகச் சொன்னாய்: "போதும்டா. வா, இப்ப போயி சொல்லிடலாம்."

போனோம். சாத்துக்குடிச் சாறு வந்தது. நீ எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாய். சாயப்பொடி டின் வரைக்கும் சொன்னாய். உனக்குப் பணம் எதுவும் வேண்டாம், படத்தின் அடுத்த பிரதியில் 'கதை' என்று போட்டு உன் பெயரைப் போட்டால் போதும் என்றாய். அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். அதிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம். ஆனா அதுல இருக்கறது பொய்."

"சரி சார். அன்னிக்குப் பொய் சொன்னீங்க. இன்னிக்குச் சொல்றது மட்டும் பொய் இல்லேன்னு நான் எப்படி நம்பறது? பத்திரிகையில அவ்ளோ பெரிய மனுஷர் பாத்தேன்னு எழுதியிருக்காரு. அவரும் பொய் சொல்றாருங்கறீங்களா?"

பல்கலைக்கழகத்தில் எனக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் அது ஒரு காசுக்கும் உதவவில்லை. அவருக்கு எதிராக எனக்கு இருந்த ஒரே சாட்சி நான். எனக்கு எதிராக அவரிடம் இருந்த ஒரே சாட்சியும் நான்.

ஆரணியில் இறங்கியதும் என் தோளைத் தட்டி, "உடுறா. நீ நல்லதுக்குத்தான செஞ்ச" என்றாய். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு இரண்டு முறை அந்தக் கம்பெனியிலிருந்து உனக்கு ஆள் வந்தது. நீ தேநீர் கொடுத்து உட்கார வைத்தாய். வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்து என்ன இங்கிலீஷ் படம் வெச்சிருக்கீங்க?" உன் அலமாரியில் அப்போது இன்னும் இரண்டு நோட்டுகள் இருந்தன என்று எனக்குத் தெரியும். "ஒண்ணும் இல்லீங்க. இப்பல்லாம் இங்கிலீஷ் படம் பாக்கறதில்ல" என்று சொல்லி அனுப்பினாய். அந்த இரண்டு நோட்டுகளையும் பிறகு என்ன செய்தாய் என்று நான் கேட்டதில்லை. நீ போன பிறகு தேடினோம், கிடைக்கவில்லை.

உனக்கு மாரடைப்பு வந்தபோது எனக்கு வெளியூரில் விடைத்தாள் திருத்தும் பணி. தகவல் வந்து நான் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் ஊர்ச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டினார்கள். யாரோ நல்லெண்ணத்தோடு உன் படத்துக்குக் கீழே 'திரைப்பட வசன உதவியாளர்' என்று போடச் சொல்லியிருந்தார்கள். பக்கத்திலேயே ஓர் ஆங்கிலப் படத்தின் போஸ்டர். அதுவும் நாம் ஏற்கெனவே பார்த்ததுதான். ஒரே வாளிப் பசை. உன் முகத்தின் ஓரத்தில் ஒரு குமிழி எழும்பி நின்றது. நான் அதை உள்ளங்கையால் நீவிவிட்டேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அன்று கொட்டகையில் வீறிட்ட குழந்தை இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்தாள். கையில் அச்செடுத்த ஒரு தாள். ஹாலிவுட்டிலிருந்து சுட்ட தமிழ்ப் படங்கள் என்று இணையத்தில் யாரோ போட்ட பட்டியல். அதில் உன் படம் இருந்தது. எதிரே, என் ஹாலிவுட் படத்தின் பெயர், சாயப்பொடி டின்னின் பெயரால் ஓர் இயக்குநர், நான் இட்டுக்கட்டிய ஆண்டு. அடியில் வாசகர் ஒருவர் ஆதங்கப்பட்டிருந்தார்: ஹாலிவுட்காரர்கள் எதை எதையோ திரும்ப எடுக்கிறார்களே, இந்த அருமையான பழைய படத்தைத் திரும்ப எடுக்கக் கூடாதா?

"மாமா, இந்த ஒரிஜினலை எங்கெங்கயோ தேடிட்டேன். கெடைக்கவே மாட்டேங்குது. நீங்க டெல்லில பாத்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்பா எதைப் பாத்துக் காப்பியடிச்சாருன்னு ஒரு தடவையாவது பாக்கணும் மாமா. தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவோடது வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

உண்மையை நீ வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உன் நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அது மட்டும் என்னிடம் தங்கிவிட்டிருந்தது. அவள் ஒரே மூச்சில் படித்தாள். வந்தவாசிக் கதவு திறந்தது, தெள்ளார்க் கதவு திறந்தது என்பதை அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மூடிவைத்துவிட்டு, நோட்டின் மேலட்டையில் இருந்த உன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"அப்பா பேரு ஓடினப்ப நான்தான் அழுதேனாமே மாமா. அம்மா அதனாலதான் பாக்கலையாம்."

"அந்தப் பேரைப் பாத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லம்மா. அது வசன உதவி."

"அந்த லெட்டர... நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமாம்மா."

அவள் காபி டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவிவைத்தாள். அவள் திட்டியிருக்கலாம். உன் பெண், உன்னைப் போலவே திட்டவில்லை.

சென்னைக்குப் போனதும் அந்த இணையதளத்துக்குத் திருத்தம் எழுதியிருக்கிறாள். அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. பிறகு நானும் எழுதினேன்; எனக்கும் அதே பதில். அச்சில் இருக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்று: இல்லாத படத்தைப் பார்த்தவர் எழுதிய விமர்சனம். நோட்டின் நகலை அனுப்பட்டுமா என்று உன் பெண் கேட்டாள். அனுப்பினோம். படத்தைப் பார்த்த பிறகு யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு நோட்டு எழுதலாமே என்று ஒருவர் அடியில் எழுதியிருந்தார். மிகவும் பணிவாகத்தான் எழுதியிருந்தார்.

சென்ற வாரம் என் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கடைக்குப் போயிருந்தோம். விற்பனையாளர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது, ஒரு மயில்கழுத்து நிறத்தை எடுத்து மடமடவென்று விரித்தார். பவர்லூமில் ஓடியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. "இத எடுத்துக்கங்க சார். எப்பவும் போற அயிட்டம்" என்று பார்டரைத் தடவி, உன் பெயரைச் சொன்னார். உன் பெயர் பார்டர் என்றார்.

"யாருப்பா அவரு?" என்று கேட்டேன்.

"தெரியல சார். பார்டருக்கு அப்பிடித்தான் பேரு."

அந்தத் துணியில் உன் கை பட்டதில்லை. எத்தனை தெருக்கள் தாண்டி, எத்தனை பேர் காப்பியடித்து அந்த மேசைக்கு அது வந்ததோ தெரியாது. வழியில் ஒருவனும் உன் பெயரைக் கீழே போட்டுவிடவில்லை. நான் அந்தப் புடவையை வாங்கிக்கொண்டு வந்தேன். உன் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும்.

அதை வைக்க அலமாரியில் இடம் தேடியபோது அந்த ஹாலிவுட் கடிதத்தின் கார்பன் பிரதி கிடைத்தது. கிழித்துவிடலாம் என்றுதான் வெளியே எடுத்தேன். மறுபடி படித்துவிட்டு, மடித்து உள்ளே வைத்துவிட்டேன். ஒரு வாக்கியம்கூடத் தடுமாறவில்லை. துறைமுகமும் மழையும் மூன்று கோட்டுகளும் கண்முன் நிற்கின்றன. எழுதியவன் நானே இல்லையென்றால் நானும் நம்பியிருப்பேன். அவ்வளவு நல்ல ஆங்கிலத்தை நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை.